சோழவந்தானில் நடக்காத கூட்டம்

மேடையில் வீற்றிருக்கும் வெற்றிலை விவசாயிகள் சங்கத் தலைவர் சிவபாண்டி அவர்களே, அக்கா முத்துமீனாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை தங்கப்பொண்ணு அவர்களே, வெற்றிலைக் கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சோழவந்தான் பெருமக்களே! ஜுல்பிகர் ஆகிய நான், டாக்டர் முத்துமீனாவோடு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தவன். அவருக்காக இப்படி ஒரு மேடையில் நிற்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வாடல் நோய் வந்த அந்த வருடத்தை நீங்கள் மறந்திருப்பீர்களா? பச்சையாக நின்ற கொடி மூன்றாம் நாள் கருகித் தொங்கியது. நிலம் வைத்திருந்தவர் அழுதார். நிலமே இல்லாமல் இலை கிள்ளிப் பிழைத்தவர்? அவர் அழக்கூட நேரமில்லாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். அப்படி இலை கிள்ளிய ஒரு தாய்க்குப் பிறந்தவர்தான் நம் முத்துமீனா!

எங்கள் மருந்துகள் தோற்றன. அப்போதுதான் அண்டை நாடுகளின் அரசுகள் சேர்ந்து நடத்தும் வேளாண் கூட்டமைப்பு டாக்காவில் ஒரு கூட்டம் வைத்தது. முத்துமீனா போனார். அங்கே வங்கதேசத்தின் ராஜ்ஷாஹியிலிருந்து வந்த டாக்டர் ஷிரீன் அக்தரைச் சந்தித்தார். இதே நோய் அவர்கள் வெற்றிலையையும் அழித்திருந்தது. ஆனால் அவர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். வடிகாலை ஆழமாக வெட்டி, நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் வளர்த்து வேரடியில் இடுவது. அந்தக் கூட்டமைப்பு இல்லாவிட்டால் இந்த இரண்டு பெண்களும் எங்கே சந்தித்திருப்பார்கள்? இரு அரசுகளின் அனுமதியையும் வாங்கி, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று ஆய்வுத் தோட்டம் போட வழிசெய்ததும் அதுதான்.

முத்துமீனா ஊர் திரும்பி ஆய்வுத் தோட்டத்துக்கு இடம் கேட்டபோது, கொடிக்கால் வைத்திருக்கும் நம் சுருளி அண்ணன் கேட்டார்: "ஏம்மா, நம்ம வெத்தலைக்கு வங்காளத்துக்காரவுகளா வைத்தியம் சொல்லணும்?"

"நோவு அவுகளுக்குத்தாண்ணே முன்னாடி வந்துச்சு. பட்டவுககிட்ட கேக்குறதுல என்ன இருக்கு?" என்றார் முத்துமீனா.

சுருளி அண்ணன் பத்து சென்ட் கொடுத்தார். அடுத்த தை மாதம் அந்தப் பத்து சென்ட் மட்டும் பச்சையாக நின்றது!

அடுத்த கூட்டம் இங்கே நடக்க வேண்டும், அந்தப் பச்சையை ஷிரீன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். முத்துமீனாவின் ஏக்கமெல்லாம் அது ஒன்றுதான். இரண்டு முறை தேதி குறித்தார்கள். இரண்டு முறையும் நாடுகளுக்குள் மனக்கசப்பு, தள்ளிவைத்தார்கள். பிறகு கூட்டங்களே நின்றுபோயின. கூட்டத்தை இங்கே நடத்தச் சொல்லிக் கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு ஒன்றாக ஒன்பது கடிதங்கள் எழுதினார் முத்துமீனா. இருவரும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால், கொடிக்காலுக்குள் நுழைந்ததும் உடம்பில் படுகிற அந்த ஈரக் குளிர்ச்சியைப் போனில் அனுப்ப முடியுமா?

கடைசி வாரம், மதுரை கே.கே. நகர் வீட்டில் படுக்கையிலிருந்து கேட்டார்: "பதில் வந்துச்சாண்ணே?"

நான் பொய் சொன்னேன். "வந்துருச்சும்மா. ஷிரீன் வாராங்க."

அந்த முகம் எப்படி மலர்ந்தது! "அப்ப வாய்க்கால்ல தண்ணி வர்ற மாசமாப் பாத்து வரச் சொல்லுங்கண்ணே" என்றார்.

அன்பர்களே, பத்தாவது கடிதத்தை நேற்று எழுதிவிட்டேன். முத்துமீனா கையெழுத்திட்ட இடத்தில் இம்முறை நம் சங்கம் கையெழுத்திடுகிறது. பதில் வராவிட்டால் பதினொன்றாவதை எழுதுவோம். பக்கத்து நாட்டோடு உட்கார்ந்து பேசுவது எவ்வளவு அவசியம் என்று வெற்றிலை விவசாயிக்குத் தெரியும். அரசுகளுக்கும் தெரியும்வரை எழுதுவோம்!

முத்துமீனா, உன்னிடம் நான் சொன்னது பொய்யம்மா. அதை மெய்யாக்கித் தருகிற பொறுப்பை இன்று இந்த ஊர் ஏற்றுக்கொள்கிறது.