இரண்டாவது அட்டை

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்திக்காக இரண்டு முறை அட்டை எடுத்தேன். இரண்டாவதை மட்டும் அவளிடம் சொன்னேன்.

2022 மார்ச் 2. புதன். காரைக்குடியில் மாலை ஐந்து இருபது. சாம்பல் புதன் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். சட்டையில் இரண்டு பொத்தான் போட்டாயிற்று. கைப்பேசி அடிக்கிறது. பேத்தி பெர்சி. உக்ரைனில், கார்கிவ் நகரத்தில், மருத்துவம் ஆறாம் ஆண்டு படிக்கிறவள். அவள் பேசவில்லை. பனியில் பூட்ஸ் நெரிபடும் சத்தம். மூச்சு. தூரத்தில் யாரோ தகரக் கதவை அறைந்து சாத்துவது போல ஒன்று. நான்கு நொடி. இன்னொன்று. இது பக்கத்தில்.

"படு! நாச்சா, படு! தலையில கைய வையி!"

விசில் போல ஒரு சத்தம். நீண்டது. வெடித்தது. பிறகு ஒரு பெண்ணின் அலறல். பெர்சியின் குரல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தது நிம்மதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

அலறியது நாச்சம்மை. நெற்குப்பைப் பெண். பெர்சியின் அறைத்தோழி. ஆறு வருடமாக ஒரே சட்டியில் சமைத்தவர்கள். லீவில் வந்தால் என் வீட்டில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போவாள். என்னைத் தாத்தா என்றே கூப்பிடுவாள்.

இணைப்பு அறுந்தது. ஐந்து இருபத்து மூன்று.

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தாண்டுக் காலை எங்கள் சபையில் தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள் வைப்போம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. வெளியூரில் இருப்பவர்களுக்கு வீட்டார் எடுப்பார்கள். நான் சபை மூப்பர். தட்டைப் பிடித்திருந்தவன் நானே. பெர்சிக்காக எடுத்தேன். எழுந்து உன் இனத்தாரிடம் திரும்பிப் போ என்ற கருத்துள்ள வசனம். ஜூனில் அவள் படிப்பு முடிகிறது. டாக்டரின் தாத்தா என்று இந்த ஊரில் நடக்க ஆசைப்பட்டவன் நான். அட்டையைத் தட்டில் போட்டேன். மறுபடி எடுத்தேன். இருக்கும் தேசத்திலேயே தங்கு, நான் உன்னோடு இருப்பேன் என்றது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

முதல் அட்டைதான் தேவசித்தம் என்று நான் சொல்லவில்லை. அட்டை அச்சகத்திலிருந்து வந்த காகிதம். ஆனால் என் விருப்பத்துக்கு ஆண்டவர் பெயரை வைத்து அனுப்பினேன். அதுதான் குற்றம்.

பிப்ரவரி நடுவில், ஊருக்குத் திரும்பிவிடுவது நல்லது என்று மாணவர்களுக்குத் தகவல் வந்தது. பெர்சி கூப்பிட்டாள்.

"தாத்தா, எல்லாரும் டிக்கெட் பாக்குறாக. நான் என்ன செய்யட்டும்?"

"அட்டையில என்ன வந்துச்சு?"

"சரி தாத்தா" என்றாள்.

அன்று மாலையே நாச்சம்மையின் அப்பா சொக்கலிங்கம் செட்டியார் கூப்பிட்டார்.

"சார், எம்மக பொறப்படவான்னு கேக்குது. உங்க பேத்தி வருதா? வந்தா ரெண்டு டிக்கெட்டாப் போட்டுருவோம்."

"வரலை செட்டியாரே. ஆண்டவர் தங்கச் சொல்லியிருக்காரு."

அவர் சிரித்தார். "எங்க பிள்ளையாரு இந்த வெசயத்துல வாயே தெறக்க மாட்டேங்குறாரு. உங்காளாவது சொன்னாரே. ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டும்."

பிப்ரவரி 24. வியாழன். காலை எட்டு நாற்பது. அங்கே விடியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிருகிற சத்தத்தைப் பெர்சி எனக்குக் கேட்க வைத்தாள். அன்றிலிருந்து விடுதியின் நிலவறை. ஆறு நாள். சார்ஜ் மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பேச்சு. விடுதிக் காவலாளி ஹலினா என்ற அம்மாள் ரொட்டி பிய்த்துக் கொடுக்கிறாள். மெழுகுவத்தி ஏற்றித் தன் மொழியில் ஜெபிக்கிறாள். பெர்சி தமிழில் ஜெபிக்கிறாள். நாச்சம்மை இருவர் கையையும் பிடித்துக்கொள்கிறாள். நான் இங்கே வெந்நீரில் குளித்து, இட்லி தின்று, விசுவாசத்தில் நிலைத்திருங்கள் என்று செய்தி அனுப்புகிறேன்.

மார்ச் 2 மாலைக்கு வருகிறேன். நகரத்தை விட்டு நடந்தாவது வெளியேறுங்கள் என்று தூதரகத்தின் உத்தரவு. அந்த நடையில்தான் குண்டு விழுந்தது. நான் கோவிலுக்குப் போனேன். வேறெங்கே போவது? நெற்றியில் சாம்பல் பூசினார்கள். "ஐயா மாதிரி விசுவாசம் யாருக்கு வரும்" என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு பத்து. "தாத்தா, நாச்சாவுக்கு வலது கையில ரெண்டு வெரல் போச்சு. எனக்கு எடது காது கேக்கலை. செட்டியார் மாமாட்ட நீங்க சொல்லிருங்க."

சொன்னேன். விரலைச் சொன்னேன். அட்டையைச் சொல்லவில்லை.

இருவரும் எல்லையைக் கடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்த மூன்றாம் நாள் பெர்சியிடம் ஒப்புக்கொண்டேன். இடது பக்கம் நின்று சொல்லிவிட்டேன். "கேக்கலை. இங்குட்டு வந்து சொல்லுங்க" என்றாள். வலது பக்கம் போய் முழுவதையும் மறுபடி சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

போதகரிடம் போனேன். "பிள்ளைக உசுரோட வந்துருக்கு. அதையே சாட்சியாச் சொல்லுங்க ஐயா. இதச் சொல்லி யாரையும் இடறவிடாதீக" என்றார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தில் யாரோ ஒரு துதிப் பாட்டைத் தொடங்கினார்கள். சபை முழுவதும் எழுந்து பாடியது. வெளியே வந்ததும் இரண்டு பேர் என் தாழ்மையைப் பாராட்டினார்கள். மூப்பர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நெற்குப்பைக்குப் போனேன். செட்டியார் முழுவதையும் கேட்டு முடித்தார். "ரெண்டு டிக்கெட்டுத்தானே சார்" என்றார். நாச்சம்மை கதவருகே நின்றிருந்தாள்.

"எனக்கும் அட்டை எடுத்தீகளா தாத்தா?"

"இல்லத்தா."

"அப்ப என்னைத் தங்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

என்ன செய்யட்டும் என்று அவளையே கேட்டேன். இடக்கையால் எழுதப் பழக வேண்டும், நீங்கள் வாத்தியார்தானே என்றாள். எட்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறினேன். நோட்டில் கோடு போட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து திருந்தியது. பெர்சியும் அவளும் தினமும் பேசுகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை நோட்டை மூடினாள்.

"போதும். இனிமே வராதீக. நீங்க வர்ற அன்னைக்குத்தான் இந்தக் கை வலிக்குது."

கோபமில்லை. நோயைச் சொல்வது போலச் சொன்னாள். நான் பிறகு போகவில்லை.

நாச்சம்மை அறுவை சிகிச்சை படிக்க நினைத்திருந்தாள். இப்போது மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை சரிபார்க்கிறாள். பெர்சி வெளியூரில் டாக்டர். எங்கள் வீட்டில் தன் அம்மாவோடு மட்டும் பேசுகிறாள். நான் கோவிலில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். வாக்கு எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் போகிறேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போனவற்றின் கணக்கு இது. ஹலினா, பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவிட்டுத் திரும்பியவள், விடுதிக் கட்டடம் விழுந்தபோது உள்ளே இருந்தாள். நாச்சம்மையின் வலக்கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். பெர்சியின் இடது செவி. என்னைத் தாத்தா என்று கூப்பிட்டவர்கள், இருவர்.