தரைக்கு மேலே, தரைக்குக் கீழே

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் பஸ் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் மகன் பனிமலையில் ராணுவக் காவல் பணியில் இருக்கிறான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இங்க நாப்பது டிகிரி. என் புள்ள இருக்கிற எடத்துல மைனஸ் இருபதாம்.”

“அப்ப இருபதுதான் வித்தியாசம்க்கா.”

“நானும் அப்டித்தான் நெனச்சேன். ஒங்க கெணத்து மோட்டாருக்கு பைப்பு எப்டி அளந்து வாங்கனீங்க?”

“கெணத்து ஆழத்தையும் மேல டேங்கு ஒசரத்தையும் கூட்டி.”

“அதே கணக்குதான். ஜீரோதான் தரை. மைனஸ்னா தரைக்குக் கீழ.”

இளையவள் விரல் மடக்கிக் கூட்டினாள். “அறுவதா?” என்றாள்.

மூத்தவள் மெதுவாகச் சொன்னாள். “அந்தக் குளுருல நின்னுக்கினு நேத்து போன்ல சொல்றான், வெயில்ல அலையாதம்மான்னு.”