கருந்துளைக்குக் காலுறை ஊட்டிய கதை

குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவனை மேடையில் நிறுத்தி, கையில் மைக்கையும் கொடுத்திருக்கும் குடியிருப்போர் சங்கத்தின் பெருமைமிகு தலைவர், எங்கள் பற்களின் பாதுகாவலர், மூன்றாம் மாடி டாக்டர் அவர்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! கைகட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுள் எனக்கு எதிராகக் கையெழுத்திட்டிருக்கும் என் மனைவியே! வணங்குகிறேன்.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று மாதமாக உங்கள் வீட்டுக் காலுறைகளை ஒற்றை ஒற்றையாகத் திருடியவன் நான்தான். கூச்சல் வேண்டாம் ஐயா, உங்கள் நீலக்கோடு போட்ட காலுறையை எடுத்ததும் நான்தான். இன்று என்னைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் வந்திருக்கிறது. பதினோரு ஆண்டுப் பதவி! வீட்டில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. இருப்பது இது ஒன்றுதான். ஆகவே என் தரப்பைக் கேளுங்கள்.

நம் டாக்டரின் வரவேற்பறையில் கடைவாய்ப்பல்லைப் பிடித்தபடி ஒரு பத்திரிகை படித்தேன். கருந்துளை என்றால் விழுங்கும், விழுங்கும், விழுங்கிக்கொண்டே இருக்கும் என்றுதானே நினைத்திருந்தோம்? இல்லையாம்! இரை கிடைக்காவிட்டால் மெல்ல மெல்ல ஆவியாகுமாம். ஆக ஆகச் சிறுக்குமாம். சிறுக்கச் சிறுக்கச் சுடுமாம். கடைசியில் வெடிக்குமாம்! பல்வலி பறந்தது, கூடவே தூக்கமும் பறந்தது.

ஏன்? நம் தரைத்தளத்துச் சலவை அறையில், துணி உலர்த்தும் மெஷினில் போட்ட என் காலுறை ஒன்று மாயமாகவில்லையா? மாயமானது! மெஷினின் பின்புறம் சுடவில்லையா? சுட்டது! இதற்கு மேலும் கருந்துளையை வானத்தில் தேடுவார்களா அறிவுள்ளவர்கள்?

வெடிக்காமல் தடுக்க ஒரே வழி, அதன் வயிறு வாடாமல் பார்த்துக்கொள்வது. தினம் ஒரு காலுறையை மெஷினின் பின்னால் திணித்தேன். சூடு கூடியது. இரண்டு திணித்தேன். இன்னும் கூடியது. மைத்துனரின் கம்பளித் தொப்பியையே திணித்தேன். கொதித்தது!

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் என் மகளிடம் சொன்னேன்.

"அப்பா, அப்படி ஒண்ணு அங்க இருந்தா சாக்ஸ் மட்டுமா போகும்? கட்டடமே உள்ள போயிருக்கும்பா!"

"இன்னும் போகலைல்ல? நான் போடுற தீனிதாம்மா காரணம்."

"அம்மா! இந்த அப்பாவைக் கொஞ்சம் வந்து பாரேன்!"

சென்ற சனிக்கிழமை காலை புகை வந்தது. அபாய மணியை அழுத்தினேன். நாற்பது குடும்பமும் தெருவில்! பாதிச் சவரத்தோடு சிலர், தலைச்சாயத்தோடு பலர், இடுக்கியோடு நம் தலைவர், அவர் பின்னால் திறந்த வாயை மூடாமலே ஒரு நோயாளி!

மெக்கானிக் வந்து மெஷினை இழுத்துப் பார்த்தார். "சார், சூட்டுக் காத்து வெளிய போற குழாயை யாரோ சாக்ஸ வச்சு அடைச்சிருக்காங்க. யார் சார் அந்தப் புத்திசாலி?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்பு நெஞ்சங்களே! அடைத்தது நான், மறுக்கவில்லை. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். என் பதினோரு ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தில் ஒரு கருந்துளையாவது வெடித்ததுண்டா? ஒன்று? ஒன்றே ஒன்று? பக்கத்துக் கட்டடத்துச் செயலாளர் நெஞ்சு நிமிர்த்தி இப்படிக் கேட்பாரா? "கேட்கலாமே, அங்கயும் வெடிக்கலையே!" என்கிறார் கடைசி வரிசையில் ஒருவர். கேட்கலாம்தான் ஐயா, ஆனால் கேட்டாரா? அண்டத்தின் ஆபத்தை ஆறாவது எண் வீட்டிலிருந்தே அறிந்து, அஞ்சாமல், அயராமல், அடுத்தவர் காலுறையால் தடுக்கத் துணிந்த ஒருவனை இழக்கப் போகிறீர்களா? இழக்கலாமா?

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி; வணக்கம்.

ஒரு நிமிடம். தலைவர் சீட்டு ஒன்றை நீட்டுகிறார்.

"தீர்மானம் மெஷினைப் பற்றியது அல்ல. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பத்து மாதமாகக் கழுவாததைப் பற்றியது."