டுபுவா குடும்பம்

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தகப்பனும், பள்ளிக்கூட உடுப்போடு மகளும் இருந்தார்கள்.

"அப்பா, டுபுவா எண்டால் காட்டுப் பக்கத்து ஆக்களாம். வடக்கு பிரான்சிலதான் இந்தப் பேர் கூடவாம். எங்களுக்கு அந்தப் பேர் எப்பிடி வந்தது எண்டு ஹோம்வேர்க்கில எழுதோணும்."

"நாங்கள் பனங்காட்டுப் பக்கம் எண்டு எழுது."

"பகிடி விடாதேங்கோ."

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"பாரிசில தமிழ்ப் பேருக்கு ஒருத்தரும் வீடு தரேல்லை. சிட்டிசன் எடுக்கேக்க, நான் கோப்பை கழுவின கடை முதலாளியின்ர பேரைப் போட்டிட்டன்."

"அப்பப்பா ஏசேல்லையோ?"

"அவருக்குச் சொல்லவே இல்லை. அவர் சாகுமட்டும் கடிதத்தில கந்தையா மகன் எண்டுதான் எழுதினனான்."

"அப்ப இதை எழுதட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. காட்டுப் பக்கம் எண்டே எழுது."