கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்த ஜோடி

கண்ணாடிச் சாமான் கட்டுவதற்கு வைக்கோல் ஆகாது. மலாக்காவில் பாதிப் பேர் இன்னும் வைக்கோலில்தான் கட்டுகிறார்கள், பிறகு கப்பல்காரனைத் திட்டுகிறார்கள். வைக்கோல் போகப் போக அமுங்கும். அமுங்கினால் இடம் விடும், இடம் விட்டால் சாமான் அசையும். கண்ணாடி அடிபட்டு உடைவதைவிட அசைந்து உடைவதுதான் அதிகம். அதனால் முதலில் கிளாஸின் வயிற்றை நிரப்ப வேண்டும். அதற்கு இலவம்பஞ்சுதான் சரி. வெளிச்சுற்றுக்குப் பழைய பத்திரிகை, பெட்டிக்குள் மரத்தூள். அப்புறம் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி உலுக்கிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். சத்தமே வரக்கூடாது.

இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை தாளையும் பேனாவையும் கொடுத்து, "எல்லாத்தையும் உங்க கைப்படவே எழுதிடுங்க, அவசரமில்ல" என்றார். அவருக்குத்தான் அவசரம். இன்னும் பத்து நாளில் மலாயாவுக்குச் சுதந்திரம், அணிவகுப்புக்கு ஆள் போதவில்லை என்று காலையில் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தரச் சொன்னார். நல்ல மனிதர்.

என் பெயர் சேதுராமன். வயது ஐம்பத்தொன்று. செமாபோக்கில் வீடு, புங்கா ராயாவில் கடை. வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்புவது தொழில். பழைய கண்ணாடி சேர்ப்பது எனக்குப் பிடித்த காரியம். என் மனைவி ஜெயா இதைப் பிடித்த காரியம் என்று சொல்லமாட்டாள், பிடித்த பேய் என்பாள். இரண்டு வருடமாக வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இருபத்தாறு வருடத்தில் என் கையால் கட்டிய ஒரு சாமான்கூட உடைந்ததில்லை. கடைப் பலகையிலேயே அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

அந்தக் கிளாஸைப் பற்றிச் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்துக் காம்புக் கிளாஸ். வாய் அகலமில்லை, ஓரத்தில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். காம்புக்குள் வெள்ளை நூலை முறுக்கி வைத்தாற்போல ஒரு சுழி மேலிருந்து கீழ்வரை இறங்கும். விரலில் பிடித்து மெல்ல உருட்டினால் அந்தச் சுழி ஏறிக்கொண்டே போவது மாதிரி தெரியும். ஆனால் எங்கேயும் போகாது. நான் அதை மணிக்கணக்கில் உருட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்படி இரண்டு இருந்தன, காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டில். மலாக்காச் செட்டிகளுக்குச் சாமி நம்முடையது, பேச்சு மலாய். தாத்தா சொத்தைப் பிரித்தபோது பேரன்கள் இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் எடுத்துக்கொண்டார்கள். தம்பி ஏகாம்பரம் தன்னுடையதை எனக்கு விற்றுவிட்டார். அண்ணன் தெய்வநாயகம் விற்கவில்லை. நான் ஆறு வருடம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, அது தாத்தா குடிக்கிற கிளாஸ் என்பார். தாத்தா செத்து நாற்பது வருடம் ஆகியிருந்தது.

அவர் சொன்னதும் பொய்யில்லை. பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். வாழை இலையில் சோறு, மீன், கோழி, இனிப்பு, செத்தவர்களுக்குப் பிடித்தது எல்லாம். தாத்தாவுக்கு அந்தக் கிளாஸில் பிராந்தி. படைத்து முடித்ததும் விளக்கை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குஞ்சு குளுவான் உட்பட எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அரைமணி நேரம் முன்னோர் சாப்பிடும் நேரம். யாரும் உள்ளே போகக்கூடாது, எட்டியும் பார்க்கக்கூடாது. நான் நாலு வருடம் விருந்தாளியாகப் போய் வாசலில் நின்றிருக்கிறேன். முதல் வருடமே எனக்குத் தோன்றியது, உலகத்திலேயே அருமையான ஒரு சாமான் வருடத்துக்கு அரைமணி நேரம் காவலில்லாமல் இருக்கிறது என்று.

போன வருடக் கடைசியில் மிஸஸ் வின்டர் ஊருக்குப் போனார். ரப்பர் தோட்டத்து மேனேஜரின் மனைவி. கண்ணாடி தெரிந்த பெண்மணி. என்னிடமிருந்த கிளாஸை உருட்டிப் பார்த்துவிட்டு, ஜோடியாக இருந்தால் அனுப்புங்கள், ஒற்றை வேண்டாம் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. விலைக்காகச் சொல்லவில்லை. ஆறு வருடமாக நான் அந்த ஒற்றையைத் துடைத்துத் துடைத்து வைத்து என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அந்த நவம்பரில்தான் தெய்வநாயகத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் மனைவி மீனாச்சியிடம், போகியன்று இவரை எப்படி வெளியே தூக்குவீர்கள் என்று அக்கறையோடு கேட்டேன். "தூக்கவே முடியாது தம்பி. ஹாலிலேயே ஓரமாகக் கட்டில் போட்டுவிடுவேன். அவருடைய ஆட்கள்தானே வருகிறார்கள், அவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்றார். மலாயில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

ஆகவே, இன்ஸ்பெக்டர், அவர் உள்ளே இருப்பது தெரியாமல் போனேன் என்று உங்களிடம் முதலில் சொன்னது சரியில்லை. தெரியும்.

ஏறக்குறைய அதே மாதிரி ஒரு செக்கோஸ்லோவாகியா கிளாஸை வாங்கி வைத்திருந்தேன். காம்பில் சுழி கிடையாது. பிராந்தி ஊற்றினால் விளக்கு வெளிச்சத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அன்று மத்தியானம், வாசல் கதவு சாத்தப்பட்ட பிறகு, பின்பக்க அடுப்படி வழியாகப் போனேன். பிராந்தியைச் சிந்தாமல் புதுக் கிளாஸுக்கு மாற்றினேன். பழையதைச் சட்டை நுனியால் துடைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தெய்வநாயகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவரால் யாரிடம் என்ன சொல்ல முடியும்?

திரும்பிக் கட்டிலைக் கடக்கும்போது அவருடைய இடது கை வந்து கிளாஸின் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர். மேல் பாகம் என் கையில், அடித்தட்டு அவர் கையில், நடுவில் விரல் தடிமன்கூட இல்லாத காம்பு. நான் இழுத்தால் போச்சு. விட்டாலும் போச்சு, ஏனென்றால் அவர் அதைக் கட்டில் சட்டத்தில் அடிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்குக் கொடுப்பதைவிட உடைப்பது மேல் என்று நினைத்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. இருநூறு வருடம் இருந்த பொருள். அவர் யார் அதை உடைக்க?

"ஐயா, அசையாதீங்க" என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பிறகு மலாயிலும் சொன்னேன். கேட்கவில்லை.

அவர் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலையணை இருந்தது. ஒரு கை எனக்குச் சும்மாதான் இருந்தது.

அவருடைய நல்ல கால் பலகைச் சுவரில் இடித்தது. ஏழெட்டு முறை இருக்கும். வெளியே பேச்சு நின்றுவிட்டது. ஒரு ஆண் குரல், கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டது. எனக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு பலகைதான். அப்போது மீனாச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஜாங்கான் புக்கா." திறக்காதீர்கள். "மோயாங் தெங்கா மாக்கான்." பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பக்தியோடு சொன்னார். யாரும் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

வெறும் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என் வழக்கமில்லை. தலையணையின் தையல் பிரிந்து பஞ்சு தள்ளியிருந்தது. நல்ல இலவம்பஞ்சு. அள்ளிக் கிளாஸின் வயிற்றை நிரப்பினேன், துண்டில் சுற்றினேன், கிழிந்த பக்கத்தைக் கீழே திருப்பி அவர் தலைக்கு வைத்தேன். பின்சந்தில் நின்ற சைக்கிள் கூடையில் பொட்டலத்தை வைத்தேன். பிறகு கூடையிலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து வாசலில் எல்லோரோடும் நின்றேன்.

மீனாச்சி என் பக்கத்தில் வந்து, "தாமதமாக வந்துவிட்டாயே தம்பி. இன்றைக்கு அவர்கள் நிஜமாகவே வந்தார்கள். என் காதால் கேட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

கதவைத் திறந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். முன்னோர் சாப்பிட்டுவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். மீனாச்சி ஏழு மாதம் அந்த நிம்மதியில் இருந்தார். அதை அவருக்குக் கொடுத்தது நான்தான் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் ஜோடியை மிஸஸ் வின்டருக்குக் கப்பலேற்றினேன். பஞ்சு அடைத்தது அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்ததால் அதைப் பிரிக்கவில்லை. சரியாக உட்கார்ந்த கட்டைப் பிரித்துக் கட்டினால் பழைய பிடி வராது. பெட்டிக்குள் என் வழக்கப்படி ஒரு தாள் வைத்தேன். எந்தச் சாமான், எந்தக் காலம், யார் வீட்டிலிருந்து வந்தது. மலாக்கா, காஜா பெராங், தெய்வநாயகம் வீடு என்று உண்மையையே எழுதினேன். வந்த வீட்டை மறைத்தால் பழைய சாமானுக்கு மதிப்பில்லை. மேலும், இந்தத் தொழிலில் நான் பொய் எழுதியதில்லை.

அந்தப் பஞ்சுக்குள் ஒரு கடுக்கன் இருந்தது. சிவப்புக் கல் வைத்தது, தெய்வநாயகத்தின் இடது காதில் இருந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் கழன்றிருக்க வேண்டும். மீனாச்சி அதை மூன்று நாள் வீடெல்லாம் தேடினாராம், கடைசியில் அதையும் முன்னோர் கொண்டுபோய்விட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். மிஸஸ் வின்டர் நேர்மையான பெண்மணி. தாளிலிருந்த முகவரியைப் பார்த்து, ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அதை அந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார். இது என் கிளாஸுக்குள் இருந்தது, யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள், ஜோடி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது என்று கடிதம். பக்கத்து வீட்டு ருக்மணி அதைப் படித்துச் சொன்னதும், மீனாச்சி பூஜை அலமாரியைத் திறந்து கிளாஸின் காம்பைப் பார்த்திருக்கிறார். அதில் சுழி இல்லை. அப்புறம் நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

நேற்று நீங்கள் அவரை இந்த அறைக்குக் கூட்டிவந்தீர்கள். அவர் கிளாஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தச் சத்தம், தம்பி. சுவரில் கேட்டதே. அது அவரா?"

ஆமாம் என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? மீனாச்சி திறக்காதீர்கள் என்று சொன்ன பிறகும் தெய்வநாயகம் மூன்று நான்கு முறை இடித்தார் என்பதையும் சொன்னேன். விவரம் முழுதாக இருக்கட்டும் என்று. மீனாச்சி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். நான் அவர் மேல் கைகூட வைக்கவில்லையே.

முடிவாக எழுதுகிறேன். இந்த வருடம் போகியன்று மத்தியானம், காஜா பெராங்கில், தெய்வநாயகத்தைத் தலையணையால் அமுக்கிக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஒரு வேண்டுகோள். சாட்சிப் பொருளாக அந்தக் கிளாஸைச் சீமையிலிருந்து திருப்பி வரவழைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே யார் கட்டுவார்களோ தெரியாது. வயிற்றை முதலில் நிரப்பச் சொல்லி, வைக்கோல் வேண்டாம் என்று தந்தி அடியுங்கள். பார்த்துக் கொண்டுவர வேண்டும். அதற்காக ஒரு மனிதர் செத்திருக்கிறார்.