சுத்துது

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதிவேக இணைய இணைப்பு தேவையில்லை. அதற்குக் கூடுதலாகப் பணம் கட்டுவது வீண். அன்றும் இதைத்தான் சொன்னேன். நடந்ததெல்லாம் நடந்த பிறகு, இன்றும் இதையேதான் சொல்வேன்.

வேகம் கூட்டச் சொன்னவள் என் மனைவி. அவளுடைய அப்பா வேறு ஊரில் தனியாக இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மாமியார் காலமான பிறகு, தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் வீடியோவில் பேசுவது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைப்பாள். நான் எதிரே உட்கார்ந்து கைபேசியின் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அவளிடம் ஒரு சிரிப்பு உண்டு. மூச்சு வாங்கி, மேசையைத் தட்டி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதை நான் ஒருமுறைகூட வரவழைத்ததில்லை. முயன்றிருக்கிறேன். அவர் தன் பழைய பயணி ஒருவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடும்.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஒரு லைன் போட்டுக்கலாங்க. நடுநடுவுல அப்பா முகம் கட்டம் கட்டமா ஆயிடுது" என்றாள்.

"நாம ரெண்டு பேருக்கு இது போதாதா?"

"ரெண்டு பேர் எங்க? அப்பாவையும் சேர்த்து மூணு பேர்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைப் பல நாள் வைத்து யோசித்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை வெட்டுகிறவன். எங்கள் தொழிலில் ஒன்று தெரியும். முழுக்கத் தெரியாமல் போனால் மனிதர்கள் உடனே ஓடிவருவார்கள். லேசாக மங்கினால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். வெளிச்சம் போதவில்லை என்பார்கள், தூக்கம் சரியில்லை என்பார்கள், கண்ணாடியைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

வீட்டு ரவுட்டருக்கென்று ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று அதில் தனித்தனியாக வைக்கலாம். அவளுடைய கைபேசிக்கு மட்டும் குறைத்தேன். துண்டிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். அவர்கள் பேசினார்கள். கொஞ்சம் மங்கலாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு படம் நின்று, நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கும். "சுத்துதும்மா" என்பார் அவர். "இங்கயும் சுத்துதுப்பா" என்பாள் இவள். சீக்கிரமே அது அவர்களுக்குள் ஒரு சொல்லாகிவிட்டது. சுத்துது என்றால் இன்றைக்குப் போதும், வைத்துவிடலாம் என்று அர்த்தம். பேச்சு குறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் லேசில் விடுகிறவர் இல்லை.

"மாப்பிள்ளை, உங்க வீட்டு நெட்டை நத்தை முதுகுல கட்டி அனுப்புறாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். என் வீட்டைச் சொல்லி, என் மேசையில் வைத்தே அவளைச் சிரிக்கவைத்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

கடைசியில் அவளே இணைய நிறுவனத்துக்குப் புகார் சொல்லிவிட்டாள். ஒரு விடுமுறை நாளில் ஆள் வருவதாகச் சொன்னார்கள். அன்று காலையில் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்தேன். வந்தவர் சோதித்துப் பார்த்து, "அம்மா, லைன் பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கீழே வரை கொண்டுவிட்டு வந்தேன். வேகத்தை மறுபடி குறைக்க நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் அப்பாவை அழைத்துவிட்டாள்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள், முதுகு எங்கள் பக்கம். கைபேசிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். படம் அத்தனை தெளிவு. அவருடைய தாடையில் சவரம் விட்டுப்போன முடிகூடத் தெரிந்தது.

"சுத்துதும்மா" என்றார்.

"போச்சு! இப்பதானே ஒருத்தர் வந்து நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போனாரு!"

"இல்லம்மா... எல்லாமே சுத்துது."

"சரிப்பா, வெச்சிடுங்க. நாளைக்குப் பேசிக்கலாம். ஏங்க, கொஞ்சம் கட் பண்ணிடுங்களேன், கை ஈரமா இருக்கு."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து "மாப்பிள்ளை" என்றார். அந்தச் சொல் குழறியது, படம் குழறவில்லை. திரையில் எந்த வட்டமும் சுற்றவில்லை. அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், லைன் நன்றாக இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள் என முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாள். வந்தவரே சொல்லிவிட்டுப் போயிருந்தாரே. ஆகவே காரணம் அது இல்லை. அவளாகவே முன்வந்து அவரை வைக்கச் சொன்னது அன்றுதான் முதல்முறை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொத்தானை அழுத்தினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேநீர் குடித்தோம். பிறகு கடைத்தெரு வரை நடந்து அவளுக்குச் செருப்பு வாங்கினோம். நல்ல சாயங்காலம் அது.

மறுநாள் காலையில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்துவிட்டு அழைத்தார். அப்போதே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். "சுத்துதுன்னு சொன்னாரே, நான் லைன்னு நெனச்சேனே, நான்தானே வெக்கச் சொன்னேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் தப்பு இல்லை என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

இப்போது எங்கள் வீட்டில், ஊரில் கிடைப்பதிலேயே அதிக வேகமுள்ள இணைப்பு இருக்கிறது. அவள் முன்பு கேட்டதற்காக நானே போட்டுக் கொடுத்தேன். அவள் யாரையும் அழைப்பதில்லை. சாயங்காலங்களில் மேசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் எதுவும் இல்லை. இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. பேச்சே தேவைப்படாத அளவுக்கு நெருங்கிவிட்டோம்.