செவ்வாய் வெள்ளியில் மட்டும் சினை

பிரம்மநாயகி: ...எந்திரிச்சேன். முத்தம் தெளிச்சேன். தொழுவத்தக் கூட்டுனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். மடியக் கழுவிக் கறந்தேன். நீங்க தந்த குழாய்ல ஊத்தி மூடி வச்சேன். தெனமும் இதான் டாக்டர் சார். இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?

ஹரிநாராயணன்: தினமும் சீதேவியைத்தானே கறக்கிறீங்க?

பிரம்மநாயகி: பின்ன, ஆத்துத் தண்ணியையா மோந்து ஊத்துவேன்? காலங்காத்தால போலீஸ்காரர் மாதிரி... காப்பி குடிக்கியளா?

ஹரிநாராயணன்: அப்புறம் குடிக்கிறேன்க்கா. கன்னு போட்ட மாடு மறுபடி எப்ப பருவத்துக்கு வருதுன்னு பார்க்கத்தானே தினமும் பால் வாங்கிட்டுப் போறேன்...

பிரம்மநாயகி: அதத்தான் ஊருக்கே சொல்லிட்டியளே.

ஹரிநாராயணன்: பால்ல ஒரு ஹார்மோன் இருக்கு. சினை பிடிச்சா ஏறும். ஏறினா இறங்காது.

பிரம்மநாயகி: சரி. எங்க சீதேவிக்கு?

ஹரிநாராயணன்: வியாழக்கிழமை பார்த்தா வெறும் வயிறு. வெள்ளிக்கிழமை பார்த்தா சினை.

பிரம்மநாயகி: ...சினையா?

ஹரிநாராயணன்: சனிக்கிழமை திரும்பவும் வெறும் வயிறு. செவ்வாய்க்கிழமை மறுபடி சினை!

பிரம்மநாயகி: யாத்தே... வெரதம் கிரதம் இருக்கோ என்னமோ.

ஹரிநாராயணன்: சிரிக்காதீங்க. ஆபீஸ்லயும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. மருந்தை மாத்தினேன். மெஷினை மாத்தினேன். வாரா வாரம் அதே செவ்வாய், அதே வெள்ளி.

கமர் நிஷா: எக்கா... இந்தா, ஒன் புண்ணாக்குச் சட்டி.

பிரம்மநாயகி: செவரு மேல எதுக்குட்டி நீட்டுத? சுத்தி வா. சார், பக்கத்து வீட்டு கமர் நிஷா.

கமர் நிஷா: பால் டாக்டரத் தெரியாதா? தெனமும் எட்டிப் பாக்கேன்லா.

பிரம்மநாயகி: சட்டி இப்ப என்ன அவசரம்?

கமர் நிஷா: இனி எனக்கு எதுக்கு? செவலைய ஏத்த வண்டி வந்து நிக்கி. மேலப்பாளையம் சந்தைக்கு.

பிரம்மநாயகி: இன்னைக்கேவா! ஒன் வீட்டுக்காரரு பீர் மைதீன் அண்ணன்ட்ட நீ ஒண்ணும் சொல்லலியா?

கமர் நிஷா: சொல்லாமலா? ஒரு கன்னு போட்டதோட சரி, பொறவு ஊசி மேல ஊசி போட்டும் சினை நிக்கல, மலட்டு மாட்டுக்கு எதுக்குப் பருத்திக்கொட்டைங்காரு. வண்டி மேல பலகை போட்டாச்சு. என்னயப் பாத்துக் கத்துது எக்கா...

ஹரிநாராயணன்: அடடா... அக்கா, நம்ம விஷயத்துக்கு வருவோம்.

பிரம்மநாயகி: பாத்தியா கமரு, நீ அழுதாலும் சாருக்குக் கெழம மேலதான் கண்ணு.

ஹரிநாராயணன்: அப்படி இல்லக்கா. அடுத்த வாரம் மெட்ராஸ்ல பெரிய கூட்டம். சீதேவியைப் பத்தித்தான் பேசப்போறேன். அதுக்கு முன்னால அவளை எங்க ஆராய்ச்சி நிலையத்துல கட்டி...

பிரம்மநாயகி: மாட்டக் கொண்டுபோறதா? நல்லாருக்கே! பால்குடிக் கன்னு நிக்கி!

ஹரிநாராயணன்: கன்னையும் சேர்த்துத்தான்.

பிரம்மநாயகி: என்னையும் சேத்துக் கட்டுங்க.

கமர் நிஷா: எக்கா... சொல்லிரேன்.

பிரம்மநாயகி: ஏட்டி, சும்மா இரி.

ஹரிநாராயணன்: எதைச் சொல்லணும்?

பிரம்மநாயகி: மாடு போற வெசனம் சார். வாயில வந்தத உளறுதா.

கமர் நிஷா: நான் உளறுதேனா! சார், எக்கா மாட்டுல அப்படி என்ன அதிசயம்?

ஹரிநாராயணன்: மத்த நாளெல்லாம் வெறும் வயிறும்மா. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சினை.

கமர் நிஷா: ...எந்தக் கெழம?

ஹரிநாராயணன்: செவ்வாய். வெள்ளி.

கமர் நிஷா: எக்கா...

பிரம்மநாயகி: ...கேட்டுச்சுட்டி.

கமர் நிஷா: ஒங்க மெஷின் பொய் சொல்லாதுல்லா சார்?

ஹரிநாராயணன்: ஒரு தடவைன்னா நானே நம்பமாட்டேன். இத்தனை வாரமா அப்படியே நிக்குது. அந்த ரெண்டு கிழமைப் பாலைக் கொடுத்த மாட்டு வயித்துல கன்னு இருக்கு. கோர்ட்டுல வேணாலும் சொல்லுவேன்.

கமர் நிஷா: யா அல்லா! மச்சான்... ஏ மச்சான்! ஏத்தாதிய! கயித்த இங்கன தாங்க! பைய... பைய எறக்குங்க, வயித்துப்புள்ளக்காரி!

ஹரிநாராயணன்: அவங்க ஏன் சட்டியைப் போட்டுட்டு ஓடுறாங்க?

பிரம்மநாயகி: சட்டி கெடக்கட்டும் சார். வண்டியப் பாருங்க.

ஹரிநாராயணன்: வண்டி காலியாத் திரும்புது. மாட்டைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறாங்க... அக்கா, எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

பிரம்மநாயகி: கோவப்படமாட்டியளே?

ஹரிநாராயணன்: மாட்டேன். சொல்லுங்க.

பிரம்மநாயகி: செவ்வாய், வெள்ளியில எங்க வீட்டுப் பால வெளிய கொடுக்கமாட்டோம் சார், லச்சுமி போயிருவான்னு. நீங்களோ ஒருநா விட்டாலும் ஆராய்ச்சி போச்சுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டிய... பாவமேன்னு அந்த ரெண்டு நாளும் கமரு மாட்டுப் பாலத்தான் செவரு வழியா வாங்கி ஊத்துனேன். இன்னைக்குச் செவ்வாக்கெழம, குழாய்ல இருக்கதும் செவலை பாலுதான். மெட்ராஸ்ல எங்க சீதேவி பேரக் கெடுத்துராதிய... செவலை கன்னு போடட்டும், சீம்பால் மொதக் குழாய் ஒங்களுக்குத்தான். வெள்ளிக்கெழம போட்டாலும் கேளுங்க, கமரு தருவா. அவளுக்குக் கெழமக் கணக்கு கெடையாது!